பெட்டி முதலா, ஆள் முதலா?

(இயற்பியல் மாணவி, மூன்றாம் ஆண்டு)

கலைக் கல்லூரியின் ஆண்டு மலரில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அதிலும் எழுதுபவள் ஒரு மாணவி என்றால் கேட்கவே வேண்டாம். கவிதைக்கும் சிறுகதைக்கும் இடம் தருகிற ஏட்டில் பிஸ்டனுக்கும் ஓர் ஓரம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம். வெப்ப இயக்கவியலை நாம் படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். (இந்தக் கடைசிச் சொல்லுக்காக எங்கள் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.) அந்தப் பாடமே ஒரு மனிதரின் பல ஆண்டுச் சேமிப்பாக உருமாறி, தார்ப்பாய் போர்த்தி நிற்பதை நான் வாரந்தோறும் பார்த்து வருகிறேன். ஆகவேதான் எழுதத் துணிந்தேன்.

என் தாய்மாமா கோவையை அடுத்து ஒரு கார்ப் பட்டறை நடத்துகிறார். அவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து பழைய மாருதி எஸ்டீம் ஒன்றைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத் தயார் செய்கிறார்கள். 1298 கன சென்டிமீட்டர் எஞ்சின். கம்பெனி தந்த திறன் 85 குதிரைத்திறன். அதில் டர்போ பொருத்துவது என்று முடிவாகிவிட்டது. டர்போ பொருத்தினால் எஞ்சினின் பழைய கணிப்பொறி போதாது; புதிய கணிப்பொறி வேண்டும்; அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வல்லுநர் வேண்டும். ‘டியூனர்’ என்று இவரைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்று ஆறு மாதமாகப் பட்டறையில் வாதம் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோடெக் உயர்ந்தது என்கிறார் ஒருவர். அதே நாட்டின் ஹால்டெக் போதும் என்கிறார் மற்றொருவர். நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் ஈசியூமாஸ்டர் என்று பட்டியல் நீளுகிறது. எந்த ஆள் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். ஆளை முதலில் தேடுங்கள். பெட்டியைப் பிறகு வாங்குங்கள் என்பதே என் கட்சி.

கட்சி கட்டிப் பேசுவதற்கு முன் பொருள் விளங்க வேண்டும் அன்றோ?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகைக்கு இன்னும் வலு மிச்சம் இருக்கிறது. அந்த வலுவால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூக்கி 1905இல் இதற்கு உரிமம் பெற்றார். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அரை பார் திணித்தால், ஒன்றுக்கு ஒன்றரைப் பங்கு காற்று உள்ளே போகும் என்று கணக்குச் சொல்லும். அழுத்தும்போது காற்று சூடாகி விரிவதால் அவ்வளவு கிடைக்காது. 85 குதிரைத்திறன் 115, 120 ஆகலாம். மாமா குறி வைத்திருப்பதும் அதுதான்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். தூய பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று போதும். டர்போ முழு மூச்சில் இயங்கும்போது அந்த அளவில் ஓட்டினால் எஞ்சின் தாங்காது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 முதல் 12.5 பங்கு வரை காற்று என்று செறிவைக் கூட்டி, உள்ளே சூட்டைத் தணிக்கிறார்கள். 120 குதிரைத்திறனுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று நான் ஒரு நோட்டுத் தாளில் போட்டுப் பார்த்தேன். குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் என்று கொண்டால் மணிக்கு 32.4 கிலோ, ஏறக்குறைய 44 லிட்டர். நான்கு இன்ஜெக்டருக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 182 கன சென்டிமீட்டர் பீய்ச்ச வேண்டும். இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது. நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் என்று எல்லை வைத்தால் 230 அளவுள்ள இன்ஜெக்டர் வேண்டும். இதைப் போட எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கே போதுமாயிருந்தது. பெட்டி விற்கும் கடைக்காரர் எவரும் மாமாவுக்கு இதைப் போட்டுக் காட்டவில்லை.

பெட்ரோலைவிடப் பெரிய சிக்கல் தீப்பொறியில் இருக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி விநாடி ஆகிறது. நான்கு சிலிண்டருக்குமாக விநாடிக்கு 200 தீப்பொறி. ஒரு பாகை என்பது விநாடியில் பத்து லட்சத்தில் 28 பங்கு. அந்தச் சிறு பொழுதில் இரண்டு பாகை, மூன்று பாகை முந்திவிட்டால் என்ன ஆகும்? தீப்பொறியிலிருந்து கிளம்பிய தீ பரவி வந்து சேருவதற்குள், மூலையில் அழுத்தத்தில் கிடக்கும் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது எழும் அழுத்த அலை உலோகத்தைச் சுத்தியால் அடிப்பது போலக் கேட்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசுக்கும் மேல். அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். பின் எப்படிப் பிஸ்டன் உருகாமல் இருக்கிறது? பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வை போலச் சூட்டைத் தடுக்கிறது. வாங்கிய சூட்டைப் பிஸ்டன் வளையங்களும் எண்ணெயும் வெளியே கடத்துகின்றன. நாக்கிங்கின் அலை அந்தப் போர்வையைக் கிழித்தெறிகிறது. அதற்குப் பிறகு பிஸ்டனில் ஓட்டை விழச் சில விநாடிகள் போதும்.

இது இன்று நேற்றுக் கண்ட தொல்லை அன்று. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. நாக்கிங்கைத் தடுக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து எஞ்சினுக்குள் தெளித்தார்கள். கண்டுபிடிப்பு நல்லதுதான். ஆனால் தொட்டியை நிரப்ப வேண்டும் என்பதைப் பல உரிமையாளர்கள் மறந்தார்கள். முடிவில் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரையே பொருத்த நேர்ந்தது. பின்னர் 1967இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணுப் பெட்ரோல் பீய்ச்சு முறை வோக்ஸ்வாகன் காரில் வந்தது; 1979இல் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியில் ஆளும் மோட்ரானிக் பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. மனிதன் மறப்பதைப் பெட்டி மறக்காது. ஆனால் பெட்டிக்கு முதலில் ஒரு மனிதன் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பெட்டியின் உள்ளே ஒரு கட்ட அட்டவணை இருக்கிறது. குறுக்கே எஞ்சினின் சுற்று வேகம்; நெடுக்கே காற்றின் அழுத்தம். பதினாறுக்குப் பதினாறு என்றால் 256 கட்டங்கள். நான்கு சதுரங்கப் பலகைகளை ஒட்டி வைத்தாற்போல் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பெட்ரோலுக்கு ஓர் அட்டவணை, தீப்பொறிக்கு ஓர் அட்டவணை, இன்னும் குளிரில் கிளப்புவதற்கு, திடீரென ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கு என்று துணை அட்டவணைகள். விலையுயர்ந்த பெட்டியும் வாங்கி வந்த அன்று வெறும் பலகைதான். காய்களை நகர்த்துபவர் டியூனர். வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி, திறனை அளக்கும் டைனோவில் வைத்து, புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரியைச் செருகி, கட்டம் கட்டமாக எண்களைத் திருத்துகிறார். தீப்பொறியை ஒரு பாகை முன்னே தள்ளுகிறார். திருப்புத்திறன் கூடுகிறதா என்று பார்க்கிறார். கூடவில்லை என்றால் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். காதில் ஒலிபெருக்கி வைத்து எஞ்சின் உடம்பின் ஓசையைக் கேட்கிறார். வீணைக்குச் சுருதி கூட்டுபவரை எனக்கு நினைவூட்டுகிற வேலை இது. ஒரு வேறுபாடு உண்டு. தந்தி அறுந்தால் இருபது ரூபாயில் மாற்றிவிடலாம்.

பெட்டிகளில் மூன்று வகை சொல்கிறார்கள். கம்பெனிப் பெட்டியிலேயே எண்களை மாற்றி எழுதுவது ஒன்று. அதன் அட்டவணையைத் திறக்கும் வழி தெரிந்தவர் கிடைத்தால் சிக்கனமானது. ஆனால் வளிமண்டல அழுத்தம் வரை மட்டுமே அளக்கத் தெரிந்த உணரியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அளக்க முடியாது. உணரியையும் மாற்ற வேண்டும், அதைப் பெட்டி புரிந்துகொள்ளவும் வேண்டும். இரண்டாவது, பழைய பெட்டியின் தோளில் ஏறிக்கொண்டு அதற்குப் பொய்ச் செய்தி சொல்லும் துணைப்பெட்டி. பொய் சொல்லி வாங்கும் வேலை எங்கும் நிலைப்பதில்லை. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது, எல்லாவற்றையும் தானே ஆளும் தனிப்பெட்டி. டர்போ பொருத்தும் பழைய எஞ்சினுக்கு இதுவே தக்கது என்பதில் பட்டறையில் கருத்து வேற்றுமை இல்லை.

தனிப்பெட்டியிலும் எல்லாம் பணக்காரர் சரக்கு என்று எண்ண வேண்டாம். 2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்கொயர்ட் என்ற பெட்டியை, தாமே பற்றவைத்துச் செய்துகொள்ளும் முறையில் வெளியிட்டார்கள். ஆர்டுயினோ பலகையின் மேல் இயங்கும் ஸ்பீடுயினோவும் உண்டு. அதன் வரைபடமும் நிரலும் எவரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. நம் மின்னணுவியல் ஆய்வகத்தில் ஈயம் பற்றவைக்கக் கற்றவர்கள் அதைச் செய்து முடிக்க முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் இங்கேதான் என் கட்சி இன்னும் வலுப்பெறுகிறது. ஐந்நூறு கல் சுற்றளவில் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பழகிய டியூனர் ஒருவரும் இல்லையென்றால், மலிவான பெட்டியும் வீண், விலையுயர்ந்த பெட்டியும் வீண். டியூனருக்கு ஹால்டெக் கைவந்ததா? ஹால்டெக் வாங்குங்கள். லிங்க் கைவந்ததா? லிங்க் வாங்குங்கள். அவருக்குத் தெரியாத உயர்ந்த பெட்டியைவிட அவர் அறிந்த நடுத்தரப் பெட்டி மேல். மாறாக, பெட்டியை முதலில் வாங்கியவன், பெண் பார்க்குமுன் தாலி செய்து, அந்த அளவுக்குக் கழுத்துத் தேடுகிற கதைதான்.

மாமா இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார். “அதெல்லாஞ் சரி கண்ணு, இப்ப வர்ற பொட்டியெல்லாந் தானே கத்துக்குதாமா. அப்புறம் எதுக்கு ஆளு?” என்றார். உண்மைதான், அகன்ற அளவு காட்டும் ஆக்சிஜன் உணரி இருந்தால், வேண்டிய கலவையைக் குறித்துக் கொடுத்துவிட்டால், பெட்ரோல் அட்டவணையைப் பெட்டி தானே ஓரளவு திருத்திக்கொள்ளும். வேண்டிய கலவை எது என்று குறிப்பது யார்? மேலும், அந்த உணரிக்குப் புகையின் கலவைதான் தெரியும். தீப்பொறி எத்தனை பாகை முந்தலாம் என்று அதற்குத் தெரியாது. பிஸ்டனைக் காப்பதும் கொல்லுவதும் தீப்பொறி அட்டவணை. அதைத் தானே கற்றுக்கொள்ளும் பெட்டியை நம்பி விடுவதற்கில்லை.

வெளியூர் டியூனர் ஒருவர் இணையத்தின் வழியே கணக்கை அனுப்பிவைத்தால் ஆகாதா என்பது மாமாவின் நண்பருடைய கேள்வி. எஞ்சினைக் கிளப்புவதற்கும் மெதுவாக ஓட்டுவதற்கும் ஆகும். டர்போ முழு அழுத்தத்தில் இயங்கும் கட்டங்களை மட்டும், அருகில் நின்று கேட்கக் காதும் சட்டென்று நிறுத்தக் கையும் உள்ளவரிடம் விட வேண்டும் என்பேன்.

இனி நான் சொல்லப் போவதே இந்தக் கட்டுரையின் உயிர். எங்களுக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் வேறோர் ஊரில் தம் காருக்கு டர்போ போட்டு, பணம் கட்டி டியூனும் செய்து வாங்கி வந்தார். சில மாதம் நன்றாக ஓடிற்று. பிறகு உச்ச வேகத்தில் இழுக்கும்போது இலேசான கிணுகிணுப்பு. மாமாவிடம் காட்டினார். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தால் கடவுச்சொல் கேட்கிறது. அட்டவணை பூட்டிக் கிடக்கிறது. டியூனரைக் கேட்டதற்கு, “அது என் தொழில் இரகசியம், வண்டியை இங்கே கொண்டு வந்தால் பார்க்கிறேன்” என்றாராம். முந்நூறு கல் தொலைவு. போகும் வழியில் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் ஓட்டையாயிற்று. பெட்டி அவருடையது, எஞ்சின் அவருடையது, கடனும் அவருடையது. எஞ்சினுக்கு என்ன கட்டளை இடப்பட்டிருக்கிறது என்ற அறிவு மட்டும் அவருடையது அன்று.

டியூனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தாண்டு உழைத்துக் கற்ற கணக்கை ஒருவன் நகலெடுத்து ஊரெல்லாம் விற்றால் அவர் வயிறு என்ன ஆகும்? அதற்காகத் தம் கூலியை உயர்த்தட்டும். நகலெடுத்து விற்பதில்லை என்று எழுதி வாங்கட்டும். ஆனால் மருந்துச் சீட்டை நோயாளியிடம் காட்ட மாட்டேன் என்று சொல்லும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா? பூட்டிய கணக்கைக் கொடுப்பவர் எத்தனை வல்லவராயினும் எனக்கு வேண்டாம்.

கணக்கு ஒரு முறை எழுதி முடிந்துபோவதன்று என்பதற்கு நம் நாட்டுப் பெட்ரோலே சான்று. முன்னெல்லாம் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைத்தது. 2023இல் இருபது பங்கு கலந்தது சில நிலையங்களில் தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஒரு பங்கு எரியக் காற்று 9 பங்கே போதும். ஆகவே பத்துப் பங்குக் கலவைக்கு எழுதிய அட்டவணையோடு இருபது பங்குக் கலவையை ஊற்றினால், நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு எரிபொருள் குறைந்து போகும். சாலையில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிஜன் உணரி பார்த்துத் திருத்திக்கொள்ளும்; முழு மிதியில் பல வண்டிகளில் அந்தத் திருத்தம் இயங்காது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் தன்மை உடையது என்பதால் கொஞ்சம் ஈடாகலாம். அந்தக் ‘கொஞ்சத்தை’ நம்பி ஓர் எஞ்சினை அடகு வைப்பதா? 2021இல் எழுதிப் பூட்டிய அட்டவணையை இன்று எவர் திருத்துவது?

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். இல்லையேல் அரசியல் அறிவியல் துறை நண்பர்கள் விட மாட்டார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகையால் மாமாவின் கார் பொதுச் சாலையில் ஓடாது. லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் 2.1 கிலோமீட்டர் தடத்துக்குத்தான் போகும். (சோழவரத்துப் பழைய விமானத் திடலில் பந்தயம் பார்த்த பேராசிரியர்கள் நம் கல்லூரியில் இருந்தால் அவர்களிடம் கதை கேட்க ஆவலாயிருக்கிறேன்.) தமிழ்த் துறை நண்பர்களுக்கும் ஒன்று. திருக்குறளிலும் 52ஆம் அதிகாரம் ‘தெரிந்துவினையாடல்’. எந்த வேலைக்கு எவன் தக்கவன் என்று ஆராய்ந்து அவனிடம் ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம். இரண்டு ஐம்பத்திரண்டையும் மாமாவின் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

பெட்ரோல் விலை விற்கிற விலையில் இந்த விளையாட்டு தேவையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. கிரிக்கெட் மட்டைக்குச் செலவிடுவதையும் அப்படிக் கேட்கலாம். மாமாவின் பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பையன்கள், எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், இந்த எஞ்சினால் அழுத்தம் என்றால் என்ன, பாகை என்றால் என்ன என்று என்னைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

மாமா இப்போது பாதி இறங்கி வந்திருக்கிறார். சென்ற மாதம் இரண்டு டியூனர்களிடம் போனோம். நான் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். இதற்கு முன் நீங்கள் டர்போ போட்டு டியூன் செய்த எஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றனவா, அவற்றின் உரிமையாளரோடு பேசலாமா? டைனோவில் எடுத்த பதிவுகளை, கலவை, தீப்பொறிப் பாகை, அழுத்தம் மூன்றும் தெரியும்படி கொடுப்பீர்களா? எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ கலவை மெலிந்தாலோ பெட்டி தானே எஞ்சினை அடக்கும்படி எல்லை வைப்பீர்களா? அட்டவணையைப் பூட்டாமல் கொடுப்பீர்களா?

முதலாமவர் நான்காவது கேள்விக்குச் சிரித்தார். மாமாவைப் பார்த்து, “பாப்பாவை எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?” என்றார். இரண்டாமவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பழைய வண்டிக்காரர் மூவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். பூட்டாமல் தருவதாகவும், தம் அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதே தாளின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, “பெட்டி எது வாங்கி இருக்கீங்க?” என்று கேட்டார். இன்னும் வாங்கவில்லை என்றார் மாமா. “நல்லதாப் போச்சுங்க” என்று சொல்லி, பென்சிலை எடுத்து இன்ஜெக்டர் கணக்கைப் போட ஆரம்பித்தார். 230 வந்தது.